வட சென்னையில் சிறுதொழில் தொடங்கப் போகிறீர்களா? இயந்திரம் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

காசிமேட்டில் எங்கள் வீட்டு மீன் குழம்புத் தூளைப் பாக்கெட்டில் அடைத்து விற்க முடிவு செய்தபோது எனக்கு வயது 24. அம்மாவின் கைப்பக்குவம் இருந்தது. வாங்க ஆள் இருந்தார்கள். உழைக்க உடம்பில் தெம்பும் இருந்தது. எந்தத் தாளை எங்கே எடுக்க வேண்டும், எதற்குப் பிறகு எதை எடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. பதினான்கு மாதங்கள் அலைந்தேன். அதில் பாதிக்கு மேல் வரிசை தெரியாததால் வந்த அலைச்சல். கடைசியில் கிடைத்திருக்க வேண்டிய மானியத்தையும் இழந்தேன். தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் மணலியிலும் இதே போலத் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இளம் வயதில் தொழில் தொடங்கி ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் துணிச்சலைத்தான் சொல்கிறார்கள். சி.கே. ரங்கநாதன் கடலூரில் 1983இல் 15,000 ரூபாயை வைத்து 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அடமானம் வைக்க எதுவும் இல்லாததால் மூன்று ஆண்டுகள் வங்கிகள் அவருக்குக் கடன் மறுத்தன. பிறகு ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. இந்தச் சிறிய நிறுவனம் ஒழுங்காக வருமான வரி கட்டுகிறது என்பதுதான் அந்த மேலாளரின் கண்ணில் பட்டது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நம் பகுதியில் தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கும் தாளும் நேராக இருப்பவர்கள்தான் குறைவு. அவர்களுக்குத்தான் இரண்டாவது கடன் கிடைக்கிறது, பெரிய கடைக் கதவு திறக்கிறது.

1. மானியம் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த பெரிய தவறு இதில்தான். முதலில் தொழிலைத் தொடங்கினேன், நகையை வைத்து அரைவை இயந்திரம் வாங்கினேன், பதிவுகளை எடுத்தேன், அதன் பிறகு மானியக் கடன் கேட்டுப் போனேன். நான் கேட்ட திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். அவற்றில் ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கோ, கடன் ஒப்புதலுக்கு முன்பே வாங்கிய இயந்திரத்துக்கோ மானியம் கிடையாது. இரண்டே வாரம் பொறுத்து விசாரித்திருந்தால் எனக்குக் கால் பங்கு மானியம் கிடைத்திருக்கும்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இவை:

மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 15 சதவீதம் மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதம். சொந்தப் பணமாகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் மற்றவர்கள் 5 சதவீதமும் போட வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: மானியம் கையில் வராது. அது உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பின்தான் கடனில் கழிக்கப்படும். 'மானியம் வந்ததும் திருப்பித் தருகிறேன்' என்று யாரிடமும் கைமாற்று வாங்கிவிடாதீர்கள்.

மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டம் 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையான திட்டங்களுக்கு. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீதம் மூலதன மானியம், அதிகபட்சம் 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பாருங்கள். 35 சதவீதம் மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. மேலே சொன்ன எதிலும் இவ்வளவு இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்து வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டம் இருக்கிறது.

எங்கே போவது என்பதில் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. மற்ற மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையம் இருக்கும். சென்னை மாவட்டத்துக்கு அந்த வேலையைச் செய்வது கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் தொழில் வணிகத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகம். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி பக்கத்துக்காரர்கள் கிண்டிக்கு வந்து பயனில்லை. உங்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையம்தான்.

திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் வட்டங்கள் 2018இல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. பழைய சாதிச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் இன்னும் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று இருக்கும். என் தோழி ஒருத்தியின் விண்ணப்பம் இந்த ஒரு வரிக்காக ஒன்றரை மாதம் கிடந்தது. ஆதாரில் மாவட்டத்தை முதலில் திருத்துங்கள், மற்றது பிறகு.

2. இடமும் முகவரிச் சான்றும்

வீட்டிலேயே தொடங்கலாம். ஆனால் வீடு யார் பெயரில் இருக்கிறது? எங்கள் தெருவில் பாதி வீடுகள் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கின்றன. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் அங்கே உற்பத்தி செய்வதாக முகவரி கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அந்த ஒதுக்கீடு குடியிருக்கத்தான். நான் பக்கத்துத் தெருவில் ஓர் அறையை மாதம் 4,500 ரூபாய்க்கு எடுத்தேன். முன்பணம் 30,000.

வாடகை ஒப்பந்தத்தோடு இன்னும் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, 'இங்கே இந்தத் தொழில் செய்ய எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம். முன்பணம் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு சொத்து வரி ரசீதுக்காக நான் வீட்டுக்காரர் வாசலில் பதினோரு முறை நின்றிருக்கிறேன். கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் மூன்று ஆண்டுகளாக வரி கட்டவில்லை.

இந்தத் தாள்கள் இருந்தால் மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்து மண்டலங்கள் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். உங்கள் தெரு எந்த மண்டலம், எத்தனையாவது வார்டு என்பதைச் சொத்து வரி ரசீதே சொல்லும்.

மின்சாரம்: வீட்டு இணைப்பில் அரைவை இயந்திரத்தை ஓட்டாதீர்கள். கண்டுபிடித்தால் அபராதம். குடிசைத் தொழில்களுக்கு வணிகக் கட்டணத்தைவிடக் குறைந்த தனிக் கட்டண வகை இருக்கிறது, அதைக் கேட்டு மாற்றுங்கள். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

3. பதிவுகள், இந்த வரிசையில்

நான் முதலில் போனது வங்கிக்கு, நடப்புக் கணக்கு தொடங்க. தொழிலின் பெயரில் இரண்டு அரசுச் சான்றுகள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே வங்கி கடைசியில்தான்.

முதலில் பான் அட்டையும் ஆதாரும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால்கூடச் சிக்கல்தான்.

அடுத்து 'உத்யம்', அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரோடு இணைந்த கைப்பேசி கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடியவுடன் முதலில் வரும் தளங்கள் பல, அரசுச் சின்னம் போல ஒன்றைப் போட்டுக்கொண்டு பணம் கேட்கும் தனியார் தளங்கள். நான் அப்படி ஒன்றில் 2,499 ரூபாய் கட்டினேன். முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைத் தட்டுங்கள். உள்ளே தொழில் வகையைக் கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். தயாரிப்பவர் என்றால் 'உற்பத்தி' என்றே தேர்ந்தெடுங்கள். மசாலா அரைப்பதற்கான தொழில் வகை எண் 10795. 'வணிகம்' என்று போட்டுவிட்டால் பின்னால் நான் சொல்லப்போகும் 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது.

உணவுப் பொருள் என்றால் மூன்றாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. நான் 2023இல் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'பாஸ்காஸ்' தளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று, தயாரிக்கும் பொருள்களின் பட்டியல் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். எனக்குப் பன்னிரண்டு நாளில் 14 இலக்க எண் வந்தது. மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 500 ரூபாய் கட்டினேன். இதே வேலைக்கு ஒரு முகவர் என்னிடம் 4,000 ரூபாய் கேட்டிருந்தார்.

இப்போது உத்யம், உணவுப் பதிவு என்று இரண்டு சான்றுகள் கையில் இருக்கின்றன. வங்கிக்குப் போங்கள். ரப்பர் முத்திரையும், பெயர்ப் பலகை மாட்டிய அறையின் புகைப்படமும் கேட்பார்கள், எடுத்துக்கொண்டே போங்கள். அன்று முதல் தொழில் பணமும் வீட்டுப் பணமும் தனித்தனி. அக்காவின் வளைகாப்புக்கு அதிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால் சம்பளம் என்று எழுதி எடுங்கள்.

4. ஜி.எஸ்.டி.: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். சேவைத் தொழில் என்றால் 20 லட்சம். முதல் நாளே எடுங்கள் என்று வற்புறுத்துகிறவர்கள் பலர். எடுத்துவிட்டால் விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வெற்றுக் கணக்குக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது, அதில்தான் இளைஞர்கள் மாட்டுகிறார்கள். வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு பாக்கெட் விற்றாலும் 40 லட்சம் என்ற வரம்பு உங்களுக்கு இல்லை, பதிவு கட்டாயம். இன்ஸ்டாகிராமில் பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார் என்று கூரியரில் அனுப்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

5. பெயரைப் பாக்கெட்டில் அச்சடிக்கும் முன்

வணிகச் சின்னப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நான் தேடவில்லை. ஆண்டர்சன் தெருவில் 3,000 உறைகள் அடித்து வந்த பிறகு, அதே பெயரில் வேறொருவர் பதிவு செய்திருப்பது தெரிந்தது. 11,400 ரூபாய் உறைகள் அப்படியே மூட்டையில் இருக்கின்றன.

தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மசாலாத் தூள் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம் வகுப்பு. இரண்டும் செய்தால் இரண்டு கட்டணம். சான்றிதழ் வர நாளாகும். விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியான பிறகு, மற்றவர்கள் மறுப்புச் சொல்லவே நான்கு மாதங்கள் விடுகிறார்கள். ஆனால் விண்ணப்பித்த தேதியிலிருந்து உரிமை கணக்காகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

6. உறையும் தராசும்

தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. சட்டப்படி வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடவே சேர்க்கலாம். சேர்மானங்கள் அதிகத்திலிருந்து குறைவாக வரிசையில், நிகர எடை, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலை, ஒரு கிராம் என்ன விலை, தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், தொகுதி எண், முழு முகவரி, வாடிக்கையாளர் புகாருக்குத் தொலைபேசி எண், உணவுப் பதிவு எண், பச்சைப் புள்ளி. மீன் குழம்புத் தூளுக்கு எதற்குப் பச்சைப் புள்ளி என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். உள்ளே இருப்பது மிளகாயும் தனியாவும் சீரகமும்தானே, மீன் இல்லையே என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

உணவுப் பதிவை நினைவு வைத்திருக்கும் பலரும் மறப்பது, எடையளவுச் சட்டத்தின் கீழ் பொட்டலமிடுபவர் பதிவு. தொழிலாளர் துறையில் எடுக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய், பொட்டலமிடத் தொடங்கி 90 நாட்களுக்குள். தராசும் அப்படித்தான். இணையத்தில் 600 ரூபாய்க்கு வரும் சமையலறைத் தராசில் எடை போட்டு விற்கக்கூடாது. முத்திரை பதித்த தராசு வாங்குங்கள், ஆண்டுதோறும் மறுமுத்திரை வையுங்கள்.

எங்கள் அறைக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர் முதலில் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. தராசைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த ஈயத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அதில் குத்தியிருந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு நாங்கள் ஒட்டி வைத்திருந்த பத்துப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அதே தராசில் வைத்தார். நூறு கிராம் என்று போட்டதில் ஒன்றைப் பிரித்துத் தூளை மட்டும் வைத்தபோது 98 காட்டியது. உறையின் எடையையும் சேர்த்து நிறுத்திருந்தோம். அன்றிலிருந்து வெற்று உறையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிய பிறகுதான் அம்மா ஒரு கரண்டித் தூளைக்கூட அள்ளுகிறார்.

7. கடன்

மானியத் திட்டம் கைவிட்டுப் போனதால் நான் மத்திய அரசின் முத்ரா சிறுகடன் திட்டத்தில் போனேன். 50,000 வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்'. முந்தைய தருண் கடனைச் சரியாக அடைத்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை உண்டு. முத்ராவில் அடமானம் கேட்கக்கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

தேவையானவை: உத்யம் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய விலைப்புள்ளிகள், திட்ட அறிக்கை, வருமான வரிக் கணக்கு இருந்தால் அது. உங்கள் கடன் மதிப்பெண்ணை முன்பே பார்த்துவிடுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். கைப்பேசித் தவணையில் இரண்டு மாதம் தவறியதற்காகவே நிராகரிக்கப்பட்டவர்களைத் தெரியும்.

திட்ட அறிக்கையை 8,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாகச் சொன்னார்கள். நானே எழுதினேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. மேலாளர் பக்கங்களைப் புரட்டவே இல்லை. "மிளகாய் விலை கிலோவுக்கு நூறு ரூபாய் ஏறினால் என்னம்மா செய்வீர்கள்?" என்று கேட்டார். "ஒரு கிலோ தூளில் மிளகாய் 380 கிராம், சார். அடக்கம் 38 ரூபாய் ஏறும். நூறு கிராம் பாக்கெட்டில் நாலு ரூபாய்க்கும் குறைவு. இரண்டு மாதம் என் லாபத்தில் தாங்குவேன், அதற்கு மேல் விலையை ஏற்றுவேன்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். வேறொருவர் எழுதிய அறிக்கையைக் கொண்டுபோயிருந்தால் நான் விழித்திருப்பேன். ஏழு வாரத்தில் 2,80,000 ரூபாய் வந்தது.

முதல் ஆண்டே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், வரி கட்ட வேண்டியிராவிட்டாலும். சிறுதொழிலுக்கு அனுமான முறையில் விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், விரிவான கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். ரங்கநாதனுக்கு உதவிய அதே தாள் இதுதான்.

8. கடைகளுக்குக் கொடுப்பது

ஐ.டி. ஃப்ரெஷ் இட்லி, தோசை மாவை 2005இல் பெங்களூரில் தொடங்கிய முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் நாளொன்றுக்கு 100 பாக்கெட் விற்க ஒன்பது மாதங்கள் ஆயின. இந்த எண்ணை என் அறைச் சுவரில் எழுதி வைத்திருந்தேன். நாற்பது கடைகளில் சரக்கை இறக்கிவிட்டு வசூலுக்கு ஓடுவதைவிட, நடந்தே போய் வரக்கூடிய எட்டுக் கடைகளில் வாரம் இருமுறை முகம் காட்டுவது மேல். பழைய சீட்டுக்குப் பணம் வாங்கிய பிறகே புதுச் சரக்கு. தெரிந்தவர் கடைதானே என்று விட்டால் அங்கேதான் பணம் தங்கும்.

சிறிய உறையும் வையுங்கள். நூறு கிராம் வாங்கத் தயங்கும் வீட்டில் பத்து ரூபாய் உறை நுழைந்துவிடும். கொத்தவால் சாவடியில் மிளகாய் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். அது இல்லாமல் அடக்க விலையை உங்களால் யாருக்கும் நிரூபிக்க முடியாது.

பெரிய அங்காடிகளுக்குக் கொடுக்கும்போது உத்யம் எண்ணை உங்கள் ரசீதின் மேலேயே அச்சடியுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு, மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் தளத்தில் புகார் செய்யலாம். எனக்கு ஓர் அங்காடி நான்கு மாதம் பாக்கி வைத்தது. எண் அச்சடித்த ரசீதின் நகலோடு ஒரு கடிதம் அனுப்பினேன், ஒன்பதாம் நாள் பணம் கணக்கில் ஏறியது.

9. சுவரில் மாட்ட வேண்டிய தேதிகள்

தொழில் உரிமம் முடியும் நாள், உணவுப் பதிவுச் சான்றில் கடைசி நாள் போட்டிருந்தால் அது, தராசு மறுமுத்திரை, மாநகராட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரி, வருமான வரிக் கணக்கு, கடன் தவணை. உத்யமுக்குப் புதுப்பிப்பு கிடையாது. 'உங்கள் உத்யம் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள்.

எல்லாத் தாள்களுக்கும் மூன்று நகல். ஒன்று அறையில், ஒன்று வீட்டில், ஒன்று கைப்பேசியில். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் கீழ்த்தட்டில் இருப்பது எதுவும் மிஞ்சாது. அசல் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள்.